சப்டைட்டில் கோப்பை டைம்லைனில் ஏற்றுதல்: தானியங்கிக் கருவிகளுடன் ஒரு முழுமையான வழிகாட்டி

எஸ்ஆர்டி (.srt) எனப்படும் சப்டைட்டில் கோப்பு ஒன்றை எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனுக்குள், அதாவது காட்சிகளை நேர வரிசையில் அடுக்கும் பகுதிக்குள், இழுத்துவிட ஐந்து விநாடிகூட ஆவதில்லை. அதற்குப் பிறகு, எழுத்துகள் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிவதையும், முதல் வசனம் கச்சிதமாகப் பொருந்தியிருக்கக் கடைசி வசனம் இரண்டு நிமிடம் தள்ளி நிற்பதையும், ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பு தனியே விலகிக் கிடப்பதையும் சரிசெய்வதற்குள் ஒரு பகல் முழுவதும் போய்விடுகிறது. இந்தக் கோளாறுகள் கண்ணுக்குத் தெரிவது டைம்லைனில் என்றாலும், அவற்றின் காரணம் பெரும்பாலும் கோப்பிலேயே இருக்கிறது. ஆகையால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி, இறக்குமதிக்கு முன் கோப்பை எவ்வாறு பக்குவப்படுத்துவது என்பதைப் பற்றியதாகவே அமைகிறது.

எடுத்துக்காட்டாக, ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஓடும் தமிழ் நேர்காணல் ஒன்றை டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் தொகுப்பதாக வைத்துக்கொள்வோம். அடோபி பிரீமியர் புரோ, கேடென்லைவ் ஆகியவற்றில் மாறுபடும் இடங்களை அந்தந்தக் கட்டத்தில் குறிப்பிடுகிறேன்.

கோப்பில் இருப்பதும் இல்லாததும்

முதலில் கோப்பை ஏதேனும் ஓர் எளிய உரைத் திருத்தியில் திறந்து பாருங்கள். எஸ்ஆர்டி என்பது வெறும் உரைக் கோப்பு. அதில் ஒவ்வொரு வசனமும் இந்த வடிவில் இருக்கும்:

1
00:00:04,120 --> 00:00:06,900
அந்த வருஷம் ஏரி நிறைந்து
கலிங்கு வழியாகத் தண்ணீர் போனது.

2
00:00:07,050 --> 00:00:09,400
அதற்குப் பிறகு நிறையவே இல்லை.

முதல் வரி வரிசை எண், இரண்டாவது வரி தோன்றும் நேரமும் மறையும் நேரமும், அதன்பின் வசனம், கடைசியில் ஒரு வெற்று வரி. விநாடிக்கும் மில்லிவிநாடிக்கும் நடுவே காற்புள்ளி வர வேண்டும். இணைய வீடியோக்களுக்கான சப்டைட்டில் வடிவமான வெப்விடிடி கோப்பில் அதே இடத்தில் முற்றுப்புள்ளி வரும் என்பதால், கோப்பின் பின்னொட்டை மட்டும் மாற்றிவிட்டு அது எஸ்ஆர்டி ஆகிவிட்டது என்று நம்பக் கூடாது. வசனத்தின் நடுவே தவறுதலாக ஒரு வெற்று வரி நுழைந்திருந்தால், சில மென்பொருள்கள் அந்த இடத்திலேயே வசனம் முடிந்ததாகக் கருதி மீதியை விட்டுவிடும். பல பேர் கைபட்டு வந்த கோப்புகளில் இந்தப் பிழையை அடிக்கடி காணலாம்.

இந்த வடிவத்தில் இல்லாதவை மூன்று. எழுத்துகள் எந்தக் குறியாக்கத்தில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையில்) சேமிக்கப்பட்டன என்பது அதில் எழுதப்படவில்லை. எந்த ஃபிரேம் வேகத்தில் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற கணக்கில்) ஓடிய வீடியோவைப் பார்த்து நேரம் குறிக்கப்பட்டது என்பதும் இல்லை. அந்த வீடியோ எந்த டைம்கோடில் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இடப்படும் மணி, நிமிடம், விநாடி, ஃபிரேம் எண்ணில்) தொடங்கியது என்பதும் இல்லை. டைம்லைன் இந்த மூன்றையும் தானே ஊகித்துக்கொள்கிறது. ஊகம் தவறும்போதுதான் நமக்கு வேலை வருகிறது. ஆகவே இனி வரும் கட்டங்கள் அந்த மூன்று வெற்றிடங்களையும் நாமே நிரப்புவதற்கானவை.

முதல் கட்டம்: எழுத்துக் குறியாக்கம்

கோப்பு யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருக்க வேண்டும். இதில் விதிவிலக்கே வேண்டாம். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளைப் பிடிக்கிறது. அந்த மூன்று பைட்டுகளையும் பழைய மேற்கத்திய விண்டோஸ் குறியாக்கமாக எண்ணி ஒரு மென்பொருள் படித்தால், தலையில் சாய்கோடு ஏந்திய லத்தீன் எழுத்தும், பதிவு பெற்ற வணிகச் சின்னத்தைக் காட்டும் வட்டக் குறியும் திரும்பத் திரும்ப வரும் ஒரு குப்பை திரையில் தெரியும். அப்படித் தெரிந்தால் கவலைப்பட வேண்டாம். பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, படிக்கும் முறையை மாற்றினால் போதும். கேள்விக்குறிகளாகத் தெரிந்தால்தான் ஆபத்து. யாரோ ஒருவர் தமிழைத் தாங்காத குறியாக்கத்தில் சேமித்துவிட்டார் என்று பொருள். எழுத்துகள் அழிந்துவிட்டன, மூலக் கோப்பைத் திரும்பக் கேட்டு வாங்குவதைத் தவிர வழியில்லை.

பழைய பணிகளிலிருந்து வரும் கோப்புகளில் பாமினி, டிஸ்கி, டாப், டாம் போன்ற குறியாக்கங்கள் இன்னும் தலைகாட்டுகின்றன. பாமினியில் தட்டப்பட்ட வசனம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகத் தெரியும். அதற்கான எழுத்துருவைத் தேடி நிறுவி எடிட்டரில் காட்டிவிடலாம் என்ற ஆசை வரும், அதைச் செய்யாதீர்கள். நாளைக்கு அதே வசனத்தை யூடியூபுக்குத் தனிக் கோப்பாகக் கொடுக்க வேண்டி வரும்போது மீண்டும் இதே இடத்தில் வந்து நிற்பீர்கள். குறியாக்க மாற்றிகளைக் கொண்டு முதலிலேயே யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, ஒருமுறை முழுவதும் படித்துப் பார்த்துவிடுங்கள்.

யூனிகோடுக்குள்ளேயும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘கொ’ என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், தேடும்போதும் எண்ணும்போதும் அவை வேறுவேறு. யூனிகோடு நெறிப்படுத்தலில் ‘என்எஃப்சி’ எனப்படும் வடிவத்துக்குக் கோப்பை மாற்றிவிட்டால் எல்லாம் ஒற்றைக் குறியீடாகிவிடும். பைத்தானில் இதற்கு ஒரு வரி போதும். ஆனால் ‘கௌ’ என்பதை ஒற்றைக்கொம்பு, ககரம், அதன்பின் ‘ள’ என்ற எழுத்து என்று தட்டச்சு செய்திருந்தால் எந்த நெறிப்படுத்தலும் அதைத் திருத்தாது. அது கண்ணால் பார்த்துக் கையால் திருத்த வேண்டிய பிழை.

இரண்டாம் கட்டம்: நேரம் ஏன் விலகுகிறது

விலகலைக் கண்டால் உடனே வசனங்களை நகர்த்தத் தொடங்கக் கூடாது. முதலில் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று என மூன்று வசனங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் பேச்சிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் விலகல் ஒரே அளவாக இருந்தால் தொடக்கப் புள்ளி மட்டுமே மாறியிருக்கிறது. மொத்தக் கோப்பையும் ஒரே அளவு நகர்த்தினால் முடிந்தது. விலகல் சீராக வளர்ந்துகொண்டே போனால் ஃபிரேம் வேகம் வேறு. ஓர் இடம் வரை சரியாக இருந்து, அங்கிருந்து திடீரெனத் தாவினால், வசனம் குறிக்கப்பட்ட தொகுப்பு வடிவமும் உங்கள் கையில் உள்ள தொகுப்பு வடிவமும் வேறுவேறு.

வளரும் விலகலில் வளரும் அளவே காரணத்தைச் சொல்லிவிடும். ஒரு மணிநேரத்துக்கு ஏறத்தாழ 3.6 விநாடி விலகினால் 24-க்கும் 23.976-க்கும் இடையிலான குழப்பம் என்று ஊகிக்கலாம். 23.976 ஃபிரேம் டைம்லைனில் டைம்கோடு ஒரு மணிநேரம் என்று காட்டும்போது, கடிகாரத்தில் உண்மையில் 3603.6 விநாடி ஓடியிருக்கும். எனவே எடிட்டரின் டைம்கோடைப் பார்த்துத் தாளில் குறித்த நேரங்களை அப்படியே எஸ்ஆர்டி ஆக்கினால் இந்த விலகல் தப்பாமல் வரும். 29.97-இல், டைம்கோடு கடிகாரத்தோடு ஒத்துப்போகச் சில ஃபிரேம் எண்களைத் தாண்டிச் செல்லும் டிராப் ஃபிரேம் முறையையும், தாண்டாத நான்-டிராப் முறையையும் குழப்பிக்கொண்டாலும் அதே அளவுதான். டிராப் ஃபிரேமில் ஒரு மணிநேரத்துக்கு 108 ஃபிரேம் எண்கள் தாண்டப்படுகின்றன, அதுவும் 3.6 விநாடி. ஒரு மணிநேரத்தில் இரண்டரை நிமிடத்தை ஒட்டி விலகினால், 24 அல்லது 23.976 ஃபிரேம் வீடியோவை 25-இல் ஃபிரேமுக்கு ஃபிரேம் ஓட்டிப் பார்த்து வசனம் குறித்திருக்கிறார்கள்.

இந்தக் கடைசி வகையில் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். 55 நிமிட நேர்காணல் ஒன்றுக்கு வெளியிலிருந்து வசனக் கோப்பு வந்தது. தொடக்கத்தில் எல்லாம் பொருந்தியிருந்ததால், போகப்போகச் சற்றே முந்தி வந்த வசனங்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே போனேன். பாதிப் படம் வந்த பிறகுதான் இழுக்கும் தூரம் ஒழுங்காகக் கூடிக்கொண்டே வருவது உறைத்தது. கடைசி வசனத்தின் விலகலை அளந்தால் 2 நிமிடம் 12 விநாடி. 3300 விநாடியில் சரியாக 4 விழுக்காடு. எல்லா நேரங்களையும் 25-இன் கீழ் 24 என்ற விகிதத்தால், அதாவது 1.04167-ஆல், பெருக்கியதும் அரை நிமிடத்தில் முழுக் கோப்பும் பொருந்திவிட்டது. மாலை முழுக்கச் செய்த கைவேலை வீண்.

இந்தப் பெருக்கலைச் செய்யக் கருவிகள் பல உண்டு. கட்டற்ற மென்பொருளான சப்டைட்டில் எடிட்டில் ‘சேஞ்ச் ஃபிரேம் ரேட்’ என்ற கட்டளையில் பழைய வேகத்தையும் புதிய வேகத்தையும் கொடுத்தால் போதும். வேகம் தெரியாவிட்டால் ‘பாயின்ட் சிங்க்’ உதவும். முதலில் ஒரு வசனத்தையும் முடிவில் ஒரு வசனத்தையும் அவை உண்மையில் வர வேண்டிய நேரத்தோடு பொருத்திக் காட்டினால், இடையிலுள்ள அனைத்தையும் அதுவே கணக்கிட்டுக்கொள்ளும்.

முழுக்கத் தானியங்கியாக வேண்டுமானால் எஃப்எஃப்சப்சிங்க் என்ற கருவியைப் பயன்படுத்தலாம். அது ஒலியில் எங்கெங்கே மனிதக் குரல் இருக்கிறது என்று மட்டும் கண்டறிந்து, சப்டைட்டிலில் எங்கெங்கே வசனம் இருக்கிறது என்பதோடு அதை ஒப்பிட்டு, இரண்டும் அதிகமாகப் பொருந்தும் இடத்துக்குக் கோப்பை நகர்த்துகிறது. சொற்களைப் புரிந்துகொள்ள முயலாததால் தமிழ்ப் பேச்சுக்கும் வேலை செய்கிறது. தமிழ்ப் பேச்சுக்கு ஆங்கில சப்டைட்டில் என்றாலும் அதற்கு வேறுபாடில்லை. பின்னணி இசையும் பாடல்களும் மிகுந்த படங்களில் அது தடுமாறும். இடையில் காட்சிகள் வெட்டப்பட்டு நேரம் தாவும் வகைக்கு, கோப்பைத் துண்டுதுண்டாகப் பிரித்துப் பொருத்தத் தெரிந்த அலாஸ் என்ற கருவி ஏற்றது.

வசனக் கோப்பே இல்லாதபோது

ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் என்ற பேச்சறி மென்பொருள் தமிழையும் அறியும். நேரடியாகவே எஸ்ஆர்டி கோப்பாக எழுதித் தரும். தமிழுக்குச் சிறிய மாதிரிகளைப் பயன்படுத்திப் பார்த்து மனம் வெறுக்க வேண்டாம். நல்ல வரைகலை அட்டை உள்ள கணினியில் ‘லார்ஜ்’ மாதிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். மொழி தமிழ் என்று முன்கூட்டியே குறிப்பிடுங்கள். இல்லையெனில் தொடக்கத்தில் இசையோ ஆங்கிலச் சொற்களோ வந்தால் மொழியைத் தவறாக ஊகித்துக்கொள்ளும்.

அதன் குணம் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. விஸ்பர் ஒலியை 30 விநாடித் துண்டுகளாக எடுத்துப் படிக்கிறது. யாரும் பேசாத இடங்களில் சும்மா இருக்காமல், முந்தைய வாக்கியத்தையே மீண்டும் மீண்டும் எழுதிவைக்கும். சில வேளைகளில் யாரும் சொல்லாத வாக்கியத்தையும் எழுதும். பேச்சில்லாத பகுதிகளை முன்பே கழித்துவிடும் வசதியுள்ள ஃபாஸ்டர்-விஸ்பர் என்ற வடிவம் இதைப் பெருமளவு குறைக்கிறது. எப்படியிருந்தாலும், அடுத்தடுத்து ஒரே வசனம் வருகிறதா என்று ஸ்கிரிப்ட் மூலம் தேடிப் பார்ப்பதும், ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் மனிதர் ஒருவர் சரிபார்ப்பதும் கட்டாயம். வட்டார வழக்கில் பேசும் பெரியவர் ஒருவரின் நேர்காணலைத் தானியங்கி எழுத்தாக்கத்தை நம்பி வெளியிடுவதை நான் ஏற்க மாட்டேன்.

மூன்றாம் கட்டம்: வரிகளும் எழுத்தெண்ணிக்கையும்

நெட்ஃபிளிக்ஸின் பொது விதிகளில் ஒரு வசனம் இரண்டு வரிகளுக்கு மேல் போகக் கூடாது. விநாடியில் ஆறில் ஐந்து பங்குக்குக் குறையாமலும், 7 விநாடிக்கு மிகாமலும் திரையில் நிற்க வேண்டும். அடுத்தடுத்த வசனங்களுக்கிடையே குறைந்தது 2 ஃபிரேம் இடைவெளி வேண்டும். நீங்கள் அவர்களுக்காக வேலை செய்யாவிட்டாலும் இவை நல்ல அளவுகோல்கள். 25 ஃபிரேம் வேகத்தில் இரண்டு ஃபிரேம் என்பது 80 மில்லிவிநாடி, 23.976-இல் ஏறத்தாழ 83. எஸ்ஆர்டி மில்லிவிநாடியில் கணக்கிடுகிறது, டைம்லைனோ ஃபிரேமில் கணக்கிடுகிறது என்பதால், இந்த இடைவெளி இல்லாத வசனங்கள் முழு ஃபிரேமுக்கு உருட்டப்படும்போது ஒன்றன்மேல் ஒன்று ஒரு ஃபிரேம் ஏறிவிடக்கூடும்.

எழுத்தெண்ணிக்கையில்தான் தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ‘வணக்கம்’ என்பதில் நாம் எண்ணுவது ஐந்து எழுத்து. கணினி எண்ணுவது ஏழு, ஏனெனில் ஒவ்வொரு புள்ளியும் அதற்குத் தனிக் குறியீடு. ‘கொண்டாட்டம்’ நமக்கு ஆறெழுத்து, கணினிக்குப் பதினொன்று. ஆகவே வரிக்கு 42 எழுத்து என்று ஒரு கருவியில் அமைத்தால், அது எந்த எண்ணிக்கையில் பார்க்கிறது என்று சோதித்துக்கொள்ள வேண்டும். நான் கணினியின் எண்ணிக்கையிலேயே 42-ஐ எல்லையாக வைத்துக்கொள்கிறேன். புள்ளிக்கு அகலமில்லைதான், ஆனால் ‘ணை’, ‘ஞா’ போன்றவை தாராளமாக இடம் பிடிப்பதால் கூட்டிக்கழித்துப் பார்த்தால் கணக்கு ஏறக்குறையச் சரியாகிவிடுகிறது.

நீண்ட வரியை ஸ்கிரிப்ட் பிரிக்கும்போது இடைவெளிகளில் மட்டுமே பிரிக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பிரிக்கச் சொன்னால், மெய்யை ஒரு வரியிலும் அதன் உயிர்க்குறியை அடுத்த வரியிலும் கொண்டுபோய் வைத்துவிடும். வினையெச்சத்துக்குப் பின்னால் வரி முடிவது படிக்க இதமாக இருக்கும். பெயரடையையும் பெயரையும் பிரித்தால் கண் தடுக்கும். இதை எந்தக் கருவியும் இன்னும் நன்றாகச் செய்வதில்லை.

நான்காம் கட்டம்: எல்லாவற்றையும் ஒரே கோவையாக்குதல்

ஒரு கோப்புக்கு மேற்சொன்னவற்றைக் கையால் செய்யலாம். இருபது பகுதிகள் கொண்ட தொடருக்கு முடியாது. சப்டைட்டில் எடிட்டின் ‘பேட்ச் கன்வெர்ட்’ சாளரத்தில் ஒரு கோப்புறையில் உள்ள அனைத்தையும் சேர்த்து, குறியாக்கம், ஃபிரேம் வேகம், இடைவெளி, பொதுப் பிழைத் திருத்தம் ஆகியவற்றை ஒரே ஓட்டத்தில் முடிக்கலாம். ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பைத்தானில் பைஎஸ்ஆர்டி என்ற நூலகம் இருக்கிறது. அதில் கோப்பைத் திறந்து, விகிதத்தால் பெருக்கி, விநாடிகளால் நகர்த்தி, யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்கச் சில வரிகளே ஆகும். எம்கேவி வீடியோ கோப்புக்குள் பொதிந்திருக்கும் உரை சப்டைட்டிலை வெளியே எடுக்கவும், வெப்விடிடி கோப்பை எஸ்ஆர்டி ஆக்கவும் எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைவரிக் கருவி போதும்.

செயல்களின் வரிசை முக்கியம். முதலில் குறியாக்கம், பிறகு நெறிப்படுத்தல், பிறகு விகிதம், அதன்பின் நகர்த்தல், கடைசியில் இடைவெளியும் வரிப்பிரிப்பும். நகர்த்திய பிறகு பெருக்கினால், நகர்த்திய அளவும் சேர்ந்து பெருகிவிடும். மூலக் கோப்பின் மேல் எழுதாமல், விளைவை வேறொரு கோப்புறையில் சேமிக்கும்படி ஸ்கிரிப்டை அமைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் கட்டம்: டைம்லைனுக்குள்

ரிசால்வில் மீடியாவைச் சேர்த்த பிறகு டைம்லைனின் ஃபிரேம் வேகத்தைப் பொதுவாக மாற்ற இயலாது என்பதால், திட்டத்தைத் தொடங்கும்போதே அதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பின்னர் கோப்புகளைச் சேர்த்துவைக்கும் இடமான மீடியா பூலில் வலச்சொடுக்கி சப்டைட்டில் இறக்குமதிக் கட்டளையைத் தேர்ந்து, பக்குவப்படுத்திய எஸ்ஆர்டி கோப்பைக் காட்டுங்கள். அது ஒரு கிளிப்பாக மீடியா பூலில் வந்து நிற்கும். அதை டைம்லைனின் மேற்பகுதிக்கு இழுத்தால் சப்டைட்டில் டிராக் தானே உருவாகும்.

மூன்றாவது வெற்றிடம் இங்கேதான் குறுக்கிடுகிறது. ரிசால்வின் டைம்லைன் வழக்கமாக 01:00:00:00 என்ற டைம்கோடில் தொடங்கும். எஸ்ஆர்டி கோப்போ பூச்சியத்திலிருந்து எண்ணுகிறது. டைம்கோடைக் கொண்டு வசனங்களைப் பொருத்தும் கட்டளையைப் பயன்படுத்துவதாக இருந்தால், டைம்லைனின் தொடக்கத்தைப் பூச்சியமாக மாற்றுங்கள், அல்லது கோப்பிலுள்ள எல்லா நேரங்களோடும் ஒரு மணிநேரத்தைக் கூட்டிவையுங்கள். கையால் இழுத்துவிடும்போது, கோப்பின் பூச்சிய விநாடிக்குப் பதிலாக முதல் வசனமே விட்ட இடத்தில் உட்கார்ந்துவிட்டதா என்று பாருங்கள். மேலே காட்டிய கோப்பில் முதல் வசனம் 4.12 விநாடியில் வர வேண்டும், டைம்லைனின் முதல் ஃபிரேமிலேயே வந்தால் முழு டிராக்கும் அவ்வளவு முந்திவிட்டது என்று பொருள். இதைத் தவிர்க்க, கோப்பின் தொடக்கத்தில் 00:00:00,000 நேரத்துக்கு ஒரு சிறு பொய் வசனத்தைச் சேர்த்து, பொருத்தியபின் நீக்கிவிடுவது என் வழக்கம்.

ரிசால்வின் ஸ்கிரிப்ட் இடைமுகத்தில் மீடியா பூலுக்குள் கோப்புகளைச் சேர்க்கவும், டைம்லைனின் தொடக்க டைம்கோடைப் படிக்கவும் மாற்றவும், சப்டைட்டில் டிராக் ஒன்றைச் சேர்க்கவும் கட்டளைகள் உள்ளன. மென்பொருளுக்கு வெளியிலிருந்து இவற்றை இயக்குவது கட்டணப் பதிப்பான ஸ்டுடியோவுக்கு உரிய வசதி.

பிரீமியர் புரோவில் எஸ்ஆர்டி கோப்பை இறக்குமதி செய்து சீக்வென்ஸில் (அதன் டைம்லைனில்) இழுத்துவிட்டதும், புதிய கேப்ஷன் டிராக்குக்கான சாளரம் திறந்து, எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும். கோப்பிலுள்ள நேரத்தையே பின்பற்றச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது: விருப்ப அமைப்புகளில் கிராஃபிக்ஸ் பகுதிக்குச் சென்று, எழுத்துகளைக் கோத்துத் திரையில் வரையும் எழுத்து இயந்திரமாகத் தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கேடென்லைவில் இறக்குமதிச் சாளரத்திலேயே நேர நகர்த்தலுக்கும் மூல ஃபிரேம் வேகத்துக்கும் இடம் இருப்பதால், சிறிய திருத்தங்களை அங்கேயே முடித்துவிடலாம்.

வசனத்தைச் சப்டைட்டிலாக அல்லாமல், அசையும் எழுத்தாகவோ வண்ணத் தலைப்பாகவோ காட்ட விரும்பினால், எஸ்ஆர்டி கோப்பை, ஃபைனல் கட் புரோ மென்பொருளின் டைம்லைன் பரிமாற்ற வடிவமான எஃப்சிபிஎக்ஸ்எம்எல் வடிவத்துக்கு மாற்றும் ஸ்கிரிப்ட் தேவைப்படும். அந்த வடிவம் நேரத்தைப் பின்னமாக எழுதுகிறது, 23.976 வேகத்தில் ஒரு ஃபிரேம் என்பது 1001/24000 விநாடி. தசமத்தில் கணக்கிட்டு எழுதும் ஸ்கிரிப்டுகள் ஃபிரேம் எல்லையில் உட்காராத நேரங்களை உருவாக்கிவிடும். ஃபிரேம் எண்ணிக்கையைக் கண்டறிந்து அதை 1001-ஆல் பெருக்கி எழுதுவதே சரி.

ஆறாம் கட்டம்: சரிபார்ப்பு

எழுத்துருவைத் தனித்தனி வசனத்துக்கு மாற்றாமல், டிராக் முழுவதற்குமான பாணியில் மாற்றுங்கள். நோட்டோ சான்ஸ் டமில் போன்ற எழுத்துரு பெரும்பாலான பணிகளுக்குப் போதும். ‘ஸ்ரீரங்கத்துக் கொக்கு கௌரவமாகப் பேசியதை நௌஷாத் கேட்டுச் சிரித்தான், அஃது அக்ஷரமும் மெய்’ என்பது போன்ற ஒரு சோதனை வசனத்தைத் தற்காலிகமாக டிராக்கில் இட்டுப் பாருங்கள். கொம்பு, கால், ஆய்தம், கிரந்தக் கூட்டெழுத்து ஆகியவை அதில் ஒருங்கே வருவதால், எழுத்துருவோ எழுத்து இயந்திரமோ எங்கே தவறுகிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இரண்டு வரி வசனங்களில் மேல்வரியின் ‘கூ’, ‘ழு’ போன்றவற்றின் கீழ்ப்பகுதி கீழ்வரியின் ‘ஷீ’, ‘றி’ ஆகியவற்றின் மேல்வளைவைத் தொடுகிறதா என்று பார்த்து, வரி இடைவெளியைச் சற்றே கூட்டுங்கள்.

பிறகு தொடக்கம், நடு, முடிவு என்ற அதே மூன்று இடங்களில் மீண்டும் நேரத்தைச் சோதித்துவிட்டு வெளியீட்டுக்குப் போகலாம். ரிசால்வின் டெலிவர் பக்கத்தில், படத்திலேயே பதித்துவிடவும் தனிக் கோப்பாக எடுக்கவும் வழி இருக்கிறது. தனிக் கோப்பையும் எப்போதும் சேர்த்தே எடுத்துவையுங்கள். டைம்லைனில் காட்சிகளை வெட்டி, வசனங்களைத் திருத்திய பிறகு, முதலில் இறக்குமதி செய்த எஸ்ஆர்டி பழையதாகிவிடுகிறது. அடுத்த திருத்தத்துக்கோ மொழிபெயர்ப்புக்கோ யாராவது கேட்டால், டைம்லைனிலிருந்து எடுத்த இந்தக் கோப்பையே, ஃபிரேம் வேகத்தையும் தொடக்க டைம்கோடையும் கோப்பின் பெயரிலேயே எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.